சோம்பேறிகளுக்கென்று ஒரு தேசியப் பூங்கா

உழைப்பே உயர்வு தரும் என்று சுவரெல்லாம் எழுதிவைத்த நாட்டில், உயரம் போனவரை உழைக்காதே என்று மருத்துவர்களே தடுக்கும் இடம் ஒன்று உண்டு: லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்கா. 1981இல் தொடங்கி, இன்று சுமார் 4,400 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் இந்தப் பூங்காவைச் சோம்பேறிகளுக்கே ஒதுக்கிவிடலாம் என்பது என் கட்சி. பூங்காவுக்கு வாசலான லே நகரமே 3,500 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், மெரினாவில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். விமானத்தில் வந்திறங்கியவர் முதல் இரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டும். பிறகு ஏறினாலும், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துவிடும் நம் பயணத் திறமை இங்கே செல்லாது. அப்படி ஓடுபவருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை மூன்றும் தரிசனம் தரும்.

“தினமும் ஜிம்முக்குப் போகிறவனுக்கு என்ன வரும்?” என்று கேட்கலாம். வரும். மலை நோய் புஜபலம் பார்ப்பதில்லை. அந்தப் பலத்தை நம்பி விறுவிறுவென்று ஏறுகிறவரைத்தான் சுலபமாகப் பிடிக்கிறது. பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்து, “டீ கிடைக்குமா?” என்று விசாரிக்கும் ஆசாமிக்கோ, உடம்பு பழகிக்கொள்ள வேண்டிய அவகாசம் தானாகவே கிடைத்துவிடுகிறது. அடுப்பும் அவர் கட்சிதான். லேயில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பித் திறந்த பானையில் அரிசியைப் போட்டு அவசரமாக இறக்கினால், சோறு பல்லைப் பதம் பார்க்கும். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கத் தெரிந்தவருக்கே சாப்பாடு.

“படுக்கத்தான் வீட்டில் கட்டில் இருக்கிறதே, காசைக் கொட்டி அவ்வளவு தூரம் போவானேன்?” என்பது வலுவான கேள்வி. பனிச்சிறுத்தைக்காக, என்றால் பாதி பதில்தான். 2024இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள். அவற்றில் 477 லடாக்கில். ஆனால் பாறை நிறத்தில் பாறைமேல் படுத்திருக்கும் பிராணியை ஓடிப் பிடித்துப் பார்க்க முடியாது. ஓரிடத்தில் உட்கார்ந்து, எதிர்மலையைத் தொலைநோக்கியால் மணிக்கணக்கில் துழாவ வேண்டும். அப்போதும் உத்தரவாதமில்லை. எழுத்தாளர் பீட்டர் மாத்தீசன் 1973இல் நேபாளத்தின் டோல்போ மலைகளில் அலைந்தும் அதைக் காணவில்லை. காணாத விலங்கின் பெயரிலேயே புத்தகம் எழுதி விருதும் வாங்கிவிட்டார். மீதிப் பதில் பூங்காவிலுள்ள ரும்பக் போன்ற ஊர்களின் வீடுகளில் இருக்கிறது. பட்டிக்குள் குதிக்கும் சிறுத்தை ஓரிரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடும். ஆட்டைப் பறிகொடுத்தவர் பதிலுக்குச் சிறுத்தையைக் கொல்வதும் நடந்தது. விருந்தினரை வீட்டில் தங்கவைத்து வருமானம் வரத் தொடங்கியதும், அதே சிறுத்தை குடும்பத்துக்குச் சோறு போடும் பிராணியாகிவிட்டது. அங்கே ஒருவர் வாடகை கொடுத்துக் கூடுதலாக ஒரு நாள் தூங்கினால், அது காட்டுயிர்ப் பாதுகாப்புக் கணக்கில்தான் சேரும்.

ஆகவே, போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் பாதியாக வெட்டுங்கள், நாட்களை இரட்டிப்பாக்குங்கள், கூச்சப்படாமல் படுங்கள். ஒரே ஒரு விலக்கு: படுத்திருந்தும் தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ நடை தள்ளாடினாலோ, உடனே கீழே இறங்கிவிடுங்கள். அதில் மட்டும் சோம்பல் கூடாது.