வரி கசப்பதேன்? கல்கத்தாச் சான்றுகளின் வழி ஓர் ஆய்வு

வரி கட்டுவது ஏன் கசக்கிறது என்று கேட்டால் பொருளாதார அறிஞர்கள் சட்டென்று ஒரு விடை சொல்வார்கள்: கையிலிருக்கும் காசு போகிறது, அதனால் கசக்கிறது. இந்த விடையில் ஒரே ஒரு குறைதான், அது தவறு. காசு போவதுதான் காரணம் என்றால், துர்கா பூஜைக்கு முந்தைய மாதம் கொல்கத்தா முழுக்க முகம் சுண்டிக் கிடக்க வேண்டும். அந்த மாதத்தில் அந்நகரத்தார் இறைக்கும் காசைப் போல் வேறெப்போதும் இறைப்பதில்லை. முகங்களோ மலர்ந்தே இருக்கின்றன. எனவே வேறு காரணம் தேடியாக வேண்டும். பேரம் பேச இடமில்லாததால்தான் மனிதன் வரியை வெறுக்கிறான் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். வசூலுக்கு வருகிறவர் கேட்பதை மன்னித்துவிடலாம், குறைக்க மறுப்பதை மன்னிக்க முடிவதில்லை. இதைச் சோதிக்கக் கொல்கத்தாவை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. இந்தியாவில் வருமான வரி பிறந்த ஊர் அது. கடியாஹாட் நடைபாதையில் சொன்ன விலைக்கே பொருள் வாங்குகிறவரை ஏற இறங்கப் பார்க்கும் ஊரும் அதுதான்.

காலத்தால் முந்திய சான்று கோவிந்தராம் மித்திரர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆங்கிலேய வசூல் அதிகாரிக்குத் துணையாக இருந்தவர். 'கறுப்பு ஜமீன்தார்' என்று பெயரெடுத்தவர். சம்பளம் சொற்பம், வாழ்க்கையோ ராஜபோகம். சித்பூரில் நவரத்தினக் கோயில் ஒன்றையும் எழுப்பினார். 1752இல் வசூல் பொறுப்புக்கு வந்த ஹால்வெல், கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் மேல் கையாடல் குற்றம் சாட்டினார். ஆனால் ஊரோ அவருடைய தடியை வாய்மொழிப் பாட்டில் ஏற்றி, நகரத்துப் பெரிய வீடு, நீண்ட தாடி ஆகியவற்றோடு பெருமைகளில் ஒன்றாக வைத்துப் பாடியது. வசூல்காரரின் தடியை எந்த ஊர் பாடும்? விளக்கம் எளிது: கணக்கு நெகிழ்கிற இடத்தில் பேச்சுக்கு இடம் உண்டு. ஹால்வெல் ஊழல் என்று கண்டதை, ஊரார் தாட்சண்யம் என்று கண்டிருக்கக் கூடும். (இதை ஊழலுக்கு வக்காலத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆய்வாளன் கிடைத்த சான்றோடு போகிறவன்.)

இதற்கு நேர் எதிர்ச் சான்றை 1793இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் தந்தார். நிரந்தர நிலவரித் திட்டத்தில் ஜமீன்தார்கள் கட்ட வேண்டிய தொகை என்றென்றைக்குமாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு காசு ஏறாது. வரி கட்டுகிறவனுக்கு இதைவிடச் சொர்க்கம் உண்டா? ஆனால் ஒரு நிபந்தனை: குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் கட்டாவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும். சூரியனிடம் யார் பேரம் பேசுவது? பழைய குடும்பங்களின் ஜமீன்கள் பல ஏலத்தில் கைமாறின. 'சூரியாஸ்தச் சட்டம்' என்ற பெயர் வங்காளத்தில் நிலைத்துவிட்டது.

அடுத்து வருகிறவர் ஜேம்ஸ் வில்சன். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலியாகவே, அதை நிரப்ப லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர். இளமையில் தொப்பி வியாபாரி, பின்னர் 'எக்கனாமிஸ்ட்' இதழைத் தொடங்கியவர். 1860இல் அவர் கொண்டுவந்த வருமான வரிச் சட்டத்தில், ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் கீழே சம்பாதிப்பவருக்கு வரி இல்லை. 500 வரை நூற்றுக்கு 2, அதற்கு மேல் 4. இன்றைக்கு மாதச் சம்பளக்காரர் யாரிடமாவது 4 சதவீதம் என்று சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவார். மன்னன் வரி வாங்குவது இந்த மண்ணின் வழக்கம்தான் என்று காட்ட வில்சன் மனுவையே துணைக்கு அழைத்தார். பலிக்கவில்லை. சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் ட்ரெவெல்யனே இந்த வரி ஆகாது என்று எழுதி, எழுதியதைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துப் பதவியை இழந்தார். வில்சன் ஆகஸ்ட் 11 அன்று கல்கத்தாவிலேயே வயிற்றுக்கடுப்பில் இறந்தார். கல்லறை மல்லிக் பஜார் பக்கம் இருக்கிறது. திருப்பி அழைக்கப்பட்ட ட்ரெவெல்யனோ சில ஆண்டுகளில் வில்சனின் அதே நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். ஐந்தாண்டுக் கெடு வைத்த வரி 1865இல் காலாவதியானது. வில்சன் தொப்பிக் கடைக்காரராகவே யோசித்து, 8 என்று சொல்லிவிட்டு 4க்கு இறங்கியிருந்தால் மாலை போட்டிருப்பார்கள் என்பது என் துணிபு.

இனி, இன்றைய சான்று: பூஜை சந்தா. பேட்டை கிளப் பையன்கள் நான்கைந்து பேர், அம்மன் படம் அச்சடித்த ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பார்கள். ரசீதில் 501 என்று முன்கூட்டியே எழுதியிருக்கும். வீட்டுக்காரர் போன வருஷம் 151தான் கொடுத்ததாகச் சொல்வார். விளக்குச் செலவு ஏறிவிட்டது தாதா என்பான் ஒருவன். மழையில் சாக்கடை நிரம்பியபோது கிளப் எங்கே போயிற்று என்று உள்ளேயிருந்து பௌதி (வீட்டம்மா) குரல் கொடுப்பார். கடைசியில் 251க்கு முடிந்து, 501ஐ அடித்துத் திருத்திய ரசீது கைக்கு வரும். இரு தரப்புக்கும் வெற்றி. இங்கே ஒரு தடை எழுப்பப்படும்: சந்தாவிலும் வற்புறுத்தல் இல்லையா? 'சந்தா ஜுலும்' (சந்தாக் கொடுமை) என்று வங்காளிகளே புலம்புவதில்லையா? புலம்புகிறார்கள், அதுவும் நமக்கே சாதகம். கூர்ந்து கேட்டால், பையன்கள் ஒரு தொகையில் பிடிவாதமாக நின்றபோதுதான் அந்தச் சொல் வருகிறது. அதாவது, சந்தா வரியாக மாறும் கணத்தில்.

இரண்டு வசூல்காரர்களும் நேருக்கு நேர் மோதியதும் உண்டு. 2018 டிசம்பரில் வருமான வரித்துறை சுமார் 30 பூஜை கமிட்டிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்த பணத்தில் டிடிஎஸ் (முன்கூட்டிய வரிப் பிடித்தம்) பிடித்தீர்களா என்பதுதான் கேள்வி என்று துறை பின்னர் விளக்கியது. விளக்கம் எடுபடவில்லை. 2019 ஆகஸ்டில் சுபோத் மல்லிக் சதுக்கத்தில் திரிணமூல் காங்கிரஸார் தர்ணா உட்கார்ந்தார்கள். இன்னொரு பக்கம், மாநில அரசு 2018இல் கமிட்டிக்கு 10,000 ரூபாய் வீதம் கொடுக்கத் தொடங்கியது, 2025இல் 1,10,000 ஆகியிருக்கிறது. வரியாகக் கசந்த காசு, பந்தலில் விளக்காக எரிகையில் இனிக்கிறது.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் பலன்தான் காரணமா, பேரம் இல்லையா என்று கேட்கலாம். வலுவான தடைதான். ஆனால் 1984இல் நாட்டின் முதல் மெட்ரோ ஓடியதும் கொல்கத்தாவில்தான். அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதில் ஏறி உட்கார்ந்து வருமான வரியை வாழ்த்திய பயணி உண்டா? மாறாக, 2020இல் மாநகராட்சி சொத்துவரி பாக்கிக்கு வட்டியையும் அபராதத்தையும் தள்ளுபடி செய்வதாக அறிவித்ததைப் பாருங்கள். தள்ளுபடி என்றால் பேரத்தின் பாதிக் கிணறு. அதே ஆண்டு வருமான வரித்துறை, அதிகாரியின் முகமே தெரியாத மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தது. நேர்மைக்கு நல்லது. மனக்குறைக்கு? கெஞ்சவும் ஆளில்லை, திட்டவும் ஆளில்லை. எனினும் ஒன்றில் மட்டும் அரசோடு பேரம் படிந்திருக்கிறது: தொகையில் இல்லை, தேதியில். காரன்வாலிஸின் சூரியன் ஒரு மணி நேரம்கூடக் காத்திருந்ததில்லை. 2025இல் கணக்குத் தாக்கல் செய்ய ஜூலை 31 என்றிருந்த கெடு செப்டம்பர் 15 ஆயிற்று. அந்த நாள் வந்ததும், இன்னும் ஒரே ஒரு நாள் கூட்டி 16 ஆயிற்று.