கவர் எனப்படுவது யாதெனின்

மளிகைக் கடையில் ‘கவர்’ என்று கேட்டால் கைக்கு வரப்போவது எது என்பது அறிஞர் உலகம் இன்னும் தீர்த்துவைக்காத வினா. தக்காளி போட்டுத் தரும் பையும் கவர், பால் வருவதும் கவர், மொய் வைப்பதும் கவர், சில செய்தியாளர் சந்திப்புகளின் முடிவில் கைமாறுவதும் கவர். சொல்லை ஆங்கிலம் என்று நினைத்ததே இக்குழப்பத்தின் வேர் என்பது இக்கட்டுரையின் துணிபு. தமிழில் கவர்தல் என்றால் பற்றிக்கொள்ளுதல். வள்ளுவர் ஆண்ட வினை. அதை உரைகல்லாக வைத்தால் மேற்சொன்ன எதுவும் தேறாது. பால் பாக்கெட் பாலைப் பற்றுவதில்லை, சிந்தாமல் வைத்திருக்கிறது. கேரி பேக் சுமக்கிறது, அதுவும் பாதி வழிக்கு.

மெய்யாகவே கவர்வது ‘ஷ்ரிங்க்’ ஒன்றுதான். பன்னிரண்டு தண்ணீர் பாட்டில்களை ஒரே கட்டாக இறுக்கிப் பிடித்திருக்கிறதே, அது. தயாரிக்கும்போது சூட்டில் இழுத்து, இழுத்த நிலையிலேயே குளிரவைத்துவிடுகிறார்கள். மூலக்கூறுச் சங்கிலிகள் நீட்டி நிமிர்ந்தபடி உறைந்துபோகின்றன. மறுபடி சூடு பட்டதும் பழைய நிலை நினைவுக்கு வந்து சுருளப் பார்க்கின்றன. நடுவில் பாட்டில் அகப்பட்டால் அதையும் சேர்த்து நெருக்குகின்றன. சரக்கு அடுக்குகளைச் சுற்றும் ஸ்ட்ரெச் ஃபிலிமும் இறுக்குகிறதே என்று சிலர் தடை எழுப்பலாம். அதற்குச் சூடே வேண்டாம். சுற்றுகிறவர் இழுத்த இழுப்பு உடனே திரும்பப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஷ்ரிங்கையும் யாரோ ஒருவர்தானே இழுத்தார் என்றால், ஆம். ஆனால் இது மாதக்கணக்கில் கிடங்கில் சுருண்டு கிடந்து, சமயம் பார்த்துப் பழி தீர்க்கிறது. இரண்டும் ஒன்றாகா.

‘கவர்’ ஆங்கிலமே என்று மொழியறிஞர்கள் வாதாடினால், அந்த வாதம் நம் கட்சிக்கே வலு. ஆங்கிலச் சொல்லின் பொருள் மூடி மறைத்தல். ஷ்ரிங்கோ பெரும்பாலும் கண்ணாடிபோல் இருக்கும். உள்ளே இருக்கும் விலைச்சீட்டைக்கூட மறைக்காது. ஆகவே தமிழ்ப் பொருளில் மட்டுமே அது கவர். எது கவர் என்பதற்குச் சிலர் கேஜ் கணக்கையும் (100 கேஜ் என்றால் 25.4 மைக்ரான்) சான்றாகக் காட்டுவார்கள், அது தடிமனைச் சொல்லுமே தவிர குணத்தைச் சொல்லாது.

பழக்கத்தில் இப்பெயர் கேரி பேக்குக்குத்தானே என்பது எஞ்சியிருக்கும் ஒரே தடை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பேக், தடிமன் எதுவானாலும், தடை செய்யப்பட்டுவிட்டதால் அந்தப் பெயர் சட்டப்படி காலியாகவே கிடக்கிறது. அது காலியான செய்தி கடைக்காரருக்கு எட்டவில்லை போலும்; கேட்டால் இன்னமும் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்து உதறித் தருகிறார்.