முள்ளுக்குப் பத்துப் பொருத்தம்

பழைய ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்கள் சாதுவானவர்கள்தான், முள் பொருத்திய கார்ட்ரிட்ஜ் தேயும்வரை. 2018-இல் ஷ்யூர் கம்பெனி கார்ட்ரிட்ஜ் தயாரிப்புக்கு முழுக்குப் போட்டபோது, பல வீடுகளில் துக்கம் விசாரிக்க ஆள் அனுப்பியிருக்க வேண்டும்.

மாற்று தேடினால் கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோல் பொருத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையின் எடையும் முள்தண்டின் நெகிழ்வும் சேர்ந்து அதிரும் அளவு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அமைய வேண்டும். குறைந்தால், கோணிப்போன தட்டோடு கையும் சேர்ந்து ஆடும். கூடினால், பாட்டின் அடிநாதத்தில் மூக்கை நுழைக்கும். இதுவரை நியாயமான கணக்கு. வைர முனை உருண்டையா, நீள்வட்டமா, மைக்ரோலைனா என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் பர்ஸ் நடுங்கத் தொடங்குகிறது. ஆர்டோஃபோன் கம்பெனியின் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் உடம்பில் 2எம் ப்ளூவின் முள்ளை அப்படியே செருகலாம் என்று சொல்லிப் பாருங்கள். முகம் வாடிவிடும். சுலபமாக முடிகிற வேலை ரசிகருக்கு அடுக்காது.

வாங்கியாயிற்று. இனி நான்கு மயிரிழைக் கம்பிகள்: சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம். குறட்டில் பிடித்துச் செருகும் நேரத்தில் ஃபேன் ஓடக்கூடாது, எவரும் தும்மக்கூடாது. பிறகு முள்ளின் அழுத்தம் குட்டித் தராசில் 1.8 கிராம், தங்கம் நிறுக்கும் பவ்யத்தோடு.

"காது கூசுதே" என்றால் கடைக்காரரிடம் பதில் தயார்: "அம்பது மணி நேரம் ஓடட்டும் சார், பழகிடும்." பழகப்போவது முள்ளா, காதா என்று சொல்லமாட்டார். திருப்பித் தர ஏழே நாள் கெடு என்பது மட்டும் பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.