ரூட் டிவைஸுக்காகக் காத்திருந்த காலம்

2009இல் ஆப்பிளின் மேக் ப்ரோ விலை அமெரிக்காவிலேயே 2,499 டாலரில் தொடங்கியது. சென்னை வடபழனியில் ஒற்றை அறையில் எடிட்டிங் செய்துகொண்டிருந்த எங்களுக்கு அது எட்டாத தொகை. ஆனால் எங்களுக்கு வந்த வேலையெல்லாம் ஃபைனல் கட் ப்ரோவில் வந்தது, அது மேக்கில் மட்டும்தான் ஓடும். ஆப்பிள் 2006லேயே இன்டெல் பிராசசருக்கு மாறியிருந்ததுதான் எங்களுக்குக் கிடைத்த வழி. மேக்குக்குள் இருக்கும் அதே குடும்பத்துப் பிராசசர் ரிச்சி தெருக் கடைகளிலும் கிடைத்தது. கிகாபைட் போர்டு, கோர் 2 குவாட், ஒரு என்விடியா கார்டு வாங்கினால் நாமே ஒரு மேக் கட்டிவிடலாம். அதுதான் ஹாக்கின்டோஷ்.

“இதுல மேக் ஓடுமாண்ணே?” என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“விண்டோஸ் ஓடும் தம்பி. மத்ததுக்கு நான் பொறுப்பில்ல” என்றபடி பில் போட்டார்.

ஆப்பிளும் பொறுப்பேற்கவில்லை. மேக்கின் அப்போதைய இயங்குதளமான ஸ்னோ லெப்பர்டுக்கு மேம்படுத்தும் டிஸ்க் 29 டாலர்தான். ஆனால் ஆப்பிள் பெயர் பொறித்த கணினியில் மட்டுமே நிறுவலாம் என்று உரிம ஒப்பந்தம் சொன்னது. இப்படிக் கணினி கட்டி விற்ற புளோரிடாவின் சைஸ்டார் நிறுவனத்தின் மேல் ஆப்பிள் 2008இல் வழக்குப் போட்டு, அடுத்த ஆண்டே வென்றது. ஆக, பழுதானால் போய் நிற்க எந்த சர்வீஸ் சென்டரும் கிடையாது. திரையில் வருவதை நாமேதான் படிக்க வேண்டும்.

படிப்பதற்கு ஒரு வழி இருந்தது. இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் கமீலியன் பூட்லோடர் வந்து நிற்கும்போது “மைனஸ் வி” என்று தட்டினால் ஆப்பிள் சின்னம் மறைந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடும். எந்த வரியில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. ஹாக்கின்டோஷ் கட்டிய எல்லோருக்கும் மனப்பாடமான வரி ஒன்று உண்டு: “ஸ்டில் வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்.” ரூட் டிவைஸ் என்றால் இயங்குதளம் இருக்கும் டிஸ்க். ஒரே வரி, திரும்பத் திரும்ப வரும். பூட்லோடர் ஹார்டு டிஸ்க்கை பயாஸ் உதவியோடு படித்துவிடும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் பொறுப்பேற்ற பிறகு அதே டிஸ்க்கைத் தன் சொந்த டிரைவரால் கண்டுபிடிக்க வேண்டும். பயாஸில் சாட்டா மோடு ஐடிஇ என்று இருந்தால் அதனால் முடியாது, வாசலிலேயே நின்றுவிடும். ஏஎச்சிஐ என்று மாற்றினால் அடுத்த நிமிடம் உள்ளே போகும். பென் டிரைவிலிருந்து இன்ஸ்டால் செய்யும்போது அதே வரி வந்தால், பெரும்பாலும் நாம் செருகிய போர்ட் யுஎஸ்பி 3 ஆக இருக்கும். ஸ்னோ லெப்பர்டில் அதற்கு டிரைவர் கிடையாது. பக்கத்து யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இதைவிட நுட்பமான கோளாறு ஒன்று கிகாபைட் போர்டுகளில் இருந்தது. எல்லாம் நன்றாக ஓடும். ரீஸ்டார்ட் கொடுத்தால் பயாஸ் அமைப்புகளைச் சேமித்திருக்கும் சிமாஸ் அழிந்து, பயாஸ் தன் பழைய நிலைக்குப் போய்விடும். சாட்டா மறுபடி ஐடிஇ ஆகிவிடும், மறுபடி ரூட் டிவைஸுக்காகக் காத்திருப்பு. நோய் ஓரிடம், வலி வேறிடம். போர்டின் ஜாதகம் என்று சொல்லத்தக்க டிஎஸ்டிடி என்ற அட்டவணையில், கடிகாரத்துக்கான பகுதியில் நீளம் 4 என்று இருக்கும். ஸ்னோ லெப்பர்டின் கடிகார டிரைவர் அதை நம்பித் தனக்கு உரியதல்லாத இடத்திலும் எழுதிவிடும். அந்த 4ஐ 2 ஆக்கிச் சேமித்தால் தீர்ந்தது. ஒரே ஒரு இலக்கம்! அதை மாற்றி, ரீஸ்டார்ட் கொடுத்து, அமைப்புகள் அப்படியே இருப்பதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி, எடிட் செய்த படம் திரைக்கு வந்தபோதுகூட வரவில்லை.

பிறகு பூட்லோடர்களில் கமீலியன் போய் குளோவர் வந்தது, 2019இல் ஓப்பன்கோர் வந்தது. வேலை மேலும் சுத்தமானது. அதற்கு அடுத்த ஆண்டு ஜூனிலேயே, இன்டெல்லை விட்டுச் சொந்த சில்லுக்குப் போவதாக ஆப்பிள் அறிவித்துவிட்டது.

இன்று என் மேசையில் இருப்பது எம்4 மேக் மினி. 2024இல் அது வந்தபோது இந்தியாவில் ஆரம்ப விலை 59,900 ரூபாய். எடிட்டிங்குக்குத் தாங்கும் ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கினால் அந்தத் தொகைக்குள் முடிவது கடினம். பணம் மிச்சமாகட்டும் என்று போலி மேக் கட்டியவர்களுக்கு, அசல் மேக்கே மிச்சம் என்று ஆகிவிட்டது. அது நல்ல மாற்றம், சந்தேகமே இல்லை. ஊரிலிருந்து வந்து எடிட்டிங் கற்கும் ஒரு பையன் இன்று கடனில்லாமல் தொழில் தொடங்கலாம்.

ஆனால் அந்தப் பையனின் மேக் மினி பூட் ஆகாமல் போனால்? இன்னொரு மேக்கோடு யுஎஸ்பி-சி கேபிளில் இணைத்து, மென்பொருளை மொத்தமாக மீட்டெடுக்க வேண்டிவரலாம். எந்த இடத்தில் நின்றது என்று அவனுக்குத் தெரியவராது. இயல்பு நிலையில் கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே ஏற்கும் இந்தப் பூட்டுக்குக் காரணம் உண்டு. பூட் ஆகும்போதே வைரஸ் புகுவதைத் தடுக்க அது உதவுகிறது. இருந்தும் எனக்கு ஒரு குறை உண்டு. கணினி எப்படி விழித்தெழுகிறது என்பதை எனக்கு எந்த வகுப்பும் சொல்லித் தரவில்லை, பூட் ஆகாத அந்தப் பெட்டிதான் சொல்லித் தந்தது. என் உதவியாளன் பழைய பெட்டியில் ஓடும் எழுத்துகளைப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் நீங்க படிப்பீங்களாண்ணே?” என்று கேட்டான். உட்காரவைத்து வரி வரியாகக் காட்டினேன். எந்த வரியில் டிஸ்க் கிடைக்கிறது, எந்த வரியில் கிராபிக்ஸ் கார்டு எழுகிறது என்று அவனே சொல்லும் வரை விடவில்லை.

2025இல் வந்த டாஹோதான் இன்டெல் கணினிகளுக்கான கடைசி மேக்ஓஎஸ். அதுவும் அசல் இன்டெல் மேக்குகளில் நான்கு மாடல்களை மட்டுமே ஆதரிக்கிறது. இன்னும் ஹாக்கின்டோஷில் வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நன்றாக ஓடும் பதிப்பை அப்படியே விட்டுவிடுங்கள், அப்டேட் பொத்தானை அழுத்தாதீர்கள். டாஹோவுக்கு முன்பு வந்த சோனோமா பதிப்பிலேயே பழைய பிராட்காம் வைஃபை கார்டுகளுக்கான டிரைவரை ஆப்பிள் எடுத்துவிட்டது. பூட்லோடர் இருக்கும் இஎஃப்ஐ ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, அதிலிருந்து பூட் ஆகிறதா என்று ஒருமுறை சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் அமைப்புகளை ஒரு தாளில் எழுதி கேபினெட்டுக்குள் ஒட்டுங்கள். அப்புறம், பக்கத்தில் ஒரு பையனோ பெண்ணோ கற்றுக்கொள்ளும் ஆசையோடு இருந்தால், அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடாமல் அவர்களிடம் கொடுங்கள்.