தட்டும் தப்பும்

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் பாடும்; பிறகு எஃகு ஊசியை மாற்ற வேண்டும். அந்தக் கீறல் சத்தத்துக்காகவே இன்று கொழும்பில் சேகரிப்பாளர்கள் காசைக் கொட்டுகிறார்கள். நோர்வூட் தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இந்தச் சேகரிப்பு நோய் பரவவில்லை. தட்டு வாங்கியவர் தோட்டத்தை நிர்வகித்த துரை, கேட்டவரும் அவரே. லயத்துக்கு, 1925இல் தொடங்கிய இலங்கை வானொலி போதுமாக இருந்தது: ஒரு வீட்டுப் பெட்டி பாடினால் பத்துக் காம்பராவுக்கும் கேட்கும், சுவர் அவ்வளவு மெல்லிசு. அந்தக் காலத்தில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர்காரர் தட்டோடு வருவார். மலைக்கு அந்தப் பக்கத் தோட்டமும் விரும்பாமலே ரசிக்கும்.

விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, அழைத்த தப்பு மேளத்தை மட்டும் எந்தச் சேகரிப்பாளரும் தேடி வரவில்லை. ஊசியைத் தூக்கினால் அது நிற்காது. வேலையாட்களை மேய்த்த கங்காணி மனம் வைக்க வேண்டும்.