மலை இறங்கும்போது மென்மையாகும் மிதி

கேள்வி: கொல்லிமலையிலிருந்து இறங்கும் கார்களில் பிரேக் மிதி திடீரெனப் பஞ்சுபோல் அமுங்கிவிடுவது ஏன்? முன்கூட்டியே அறிய இயலுமா?

பதில்: 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் மிதியை ஓயாமல் அழுத்தி இறங்கினால், சக்கரத்தில் எழும் உராய்வு வெப்பம், மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் திரவமாகிய பிரேக் ஆயிலையும் சூடாக்குகிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடைய அத்திரவத்தில், ‘டாட் 4’ எனப்படும் வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது என்றாலும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரியாகச் சரிகிறது; கொதித்தெழும் ஆவிக்குமிழ்கள், திரவத்தைப் போலன்றி எளிதில் சுருங்குபவை ஆதலால், காலின் விசையெல்லாம் குமிழ்களை நசுக்குவதிலேயே தீர்ந்துபோக, காரோ நிற்க மறுத்து மலையின் பேச்சைக் கேட்கத் தொடங்குகிறது. மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்குவதும் கருகிய வாடையும் இதன் முன்னறிவிப்புகள். உடனே கீழ் கியருக்கு மாறி, தகுந்த இடத்தில் நிறுத்தி, ஆறவிடுவது இன்றியமையாதது. பல கார்களில் எழும் கிறீச்சொலியோ, பிரேக் பேட் எனும் உராய்வுப் பட்டை தேய்ந்ததை உணர்த்தவே பொருத்தப்பட்ட உலோக நாக்கின் குரல். அது பேசும்போது பாட்டின் ஒலியைக் கூட்டுவது, எச்சரிப்பவரின் வாயைப் பொத்துவதாகும். பட்டை தேயத் தேயத் தொட்டியில் ஆயில் மட்டமும் இறங்குமாதலால், காரணம் பாராமல் ஆயிலை மட்டும் நிரப்புவது அவ்வறிகுறியை அழித்துவிடும்.