டார்வின் வகையறா: ஒரு நிதானமான ஆய்வு

புத்தகங்களை அடுக்குவதற்கு உலகம் ஒப்புக்கொண்ட வழிகள் இரண்டு. பொருள் பார்த்து அடுக்குவது ஒன்று. எழுதியவர் பெயர் பார்த்து அடுக்குவது மற்றொன்று. முதல் வழியே அறிவுடையோர் வழி என்பதில் இன்று யாருக்கும் ஐயம் கிடையாது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, எந்தப் புத்தகத்தையும் அதன் பொருளைக் கூறு கூறாகப் பிரித்து எண் கொடுத்து உட்காரவைத்துவிடும். மண்புழுவைப் பற்றிய நூல் ஓரிடத்தில், கடல் ஓதத்தைப் பற்றியது இன்னோரிடத்தில், கோல்ஃப் ஆடுகளங்களைப் பற்றியது கட்டடத்தின் மறுகோடியில். இந்த ஏற்பாட்டோடு இக்கட்டுரை பணிவாக முரண்படுகிறது. குடும்பப் பெயரும் ஒரு பொருளே என்பதும், டார்வின் என்ற குடும்பப் பெயரைத் தாங்கி வந்த நூல்கள் எல்லாம் உண்மையில் ஒரே நூலின் பாகங்கள் என்பதும், அந்தப் பெருநூல் ‘கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக நடப்பவை’ என்ற ஒன்றைப் பற்றியே பேசுகிறது என்பதும் இதன் கருதுகோள்.

தமிழில் இருந்துகொண்டு இங்கிலாந்துக் குடும்பம் ஒன்றை ஆராய்வானேன் என்று கேட்கலாம். காரணம் எளிது. தமிழில் இந்த ஆய்வைச் செய்யவே முடியாது. நம் இனிஷியல் முறை தகப்பன் பெயரை ஒரே எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்துவிட்டு, மகனை அவனுடைய சொந்தப் பெயரில் அலமாரிக்கு அனுப்புகிறது. தகப்பன் ‘க’ வரிசையில் இருந்தால் மகன் ‘மு’ வரிசையில். பேத்தி எங்கே என்று நூலகருக்கே தெரியாது. ரங்கநாதனின் பெயரிலேயே ஓர் எழுத்து ஊருக்கு, ஓர் எழுத்து தகப்பனாருக்கு. குடும்பப் பெயர் என்ற ஏற்பாடே இல்லாத ஒரு சமூகத்தில் பிறந்தவர் பொருளை நம்பிப் புத்தகம் அடுக்கியதில் வியப்பு என்ன?

ஆய்வைத் தாத்தாவிலிருந்து தொடங்குவது முறை. எராஸ்மஸ் டார்வின் (1731–1802) மருத்துவர், கவிஞர், பெருத்த சரீரி. உயிர்கள் அனைத்தும் கடற்சிப்பி போன்றவற்றிலிருந்து வந்தவை என்ற கருத்தை 1770 வாக்கில் லத்தீனில் சுருக்கித் தன் குதிரை வண்டியின்மீது எழுதிவைத்தார். உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் கேலிப்பாட்டுக் கட்டவே, நோயாளிகள் போய்விடுவார்களே என்ற கவலையில் அதைப் பெயிண்ட் அடித்து மறைத்தார். வண்டியில் அழித்ததைப் புத்தகத்தில் ஏற்ற அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1794இல் வெளிவரத் தொடங்கிய ‘ஸூனோமியா’, வெப்ப இரத்த விலங்குகள் யாவும் கணக்கற்ற யுகங்களில் ஒரே உயிரிழையிலிருந்து விரிந்திருக்கலாமோ என்று கேட்கிறது. மெதுவாக நடக்கும் ஒன்றைப் பற்றி மெதுவாக எழுதுவது என்ற குலவழக்கம் இங்கேதான் ஆரம்பமாகிறது. அவர் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான மைல் வண்டியில் விரைந்தவர், வேகமாகத் திரும்பவல்ல வண்டிகளையும் வடிவமைத்தவர் என்பது எதிர்ச்சான்று ஆகாதோ எனின், ஆகாது. வண்டி நூல் அன்று.

பேரன் சார்லஸ் (1809–1882) விஷயத்தில் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன; எதை விடுவது என்பதுதான் கஷ்டம். இரண்டு ஆண்டு என்று திட்டமிட்ட பீகிள் கப்பல் பயணம் ஐந்து ஆண்டை நெருங்கியது. இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் 1838இல் கிடைத்தது. புத்தகம் 1859இல் வந்தது. அதுவும் 1858இல் அதே எண்ணத்தோடு இயற்கை ஆய்வாளர் வாலஸிடமிருந்து ஒரு கடிதம் வந்து பதறவைத்ததால்தான். நடுவில் எட்டு ஆண்டுகளைக் கப்பலடியிலும் பாறையிலும் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசுகளுக்குக் கொடுத்தார். ஒருமுறை ஒட்டினால் பிறகு ஆயுளுக்கும் நகராத பிராணி அது. வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய கொட்டலசுகளை எங்கே வைத்து ஆராய்கிறார் என்று விசாரித்ததாகச் சொல்வார்கள். எல்லா அப்பாக்களும் அதைத்தான் செய்வார்கள் என்பது அதன் நம்பிக்கை. பிறகு கொடிகள் படர்வதைப் பற்றி ஒன்று, செடிகளின் அசைவைப் பற்றி மகன் பிரான்ஸிஸின் உதவியோடு 1880இல் ஒன்று. ஆனால் இக்கருதுகோளின் மூலைக்கல் 1881இல் வந்த மண்புழு நூல்தான். மண்புழு பற்றிய முதல் கட்டுரையை அவர் லண்டன் புவியியல் சங்கத்தில் 1837இல் வாசித்தார். நூல் வர 44 ஆண்டு. 1842இல் தன் வயல் ஒன்றில் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டு காத்திருந்து, 1871இல் பள்ளம் தோண்டிப் பார்த்தார். புழுக்கள் கீழிருந்து கொண்டுவந்து போட்ட மண்ணுக்கு அடியில், ஏழு அங்குல ஆழத்தில் அந்த வெள்ளைக் கோடு இருந்தது. தண்ணீர் ஊற்றினால் முளைக்கவாவது செய்யும் விதையை நட்டுவிட்டே நாம் மறுநாள் காலையில் மண்ணைக் கிளறிப் பார்க்கிறோம். இவர் கல்லைப் போட்டுவிட்டு 29 ஆண்டு சும்மா இருந்தார். மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று அறிய வீட்டில் பஸூன் என்ற பெரிய ஊதுகுழலை வாசிக்கவைத்தார். புழுக்கள் அசையவில்லை. பூந்தொட்டியைப் பியானோ மேல் வைத்துக் கட்டையை அழுத்தியதும் வளைக்குள் ஓடிவிட்டன. ஒலியைவிட அதிர்வே அவற்றுக்கு எட்டுகிறது என்பது முடிவு. இவ்வளவு மந்தமான விஷயத்தைப் பற்றிய நூல், சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் விற்றது.

மண்புழு என்றதும் தமிழ் ஆய்வாளர்க்கு ஓர் ஆசை எழும். 1891இல் வந்த ‘மனோன்மணீயம்’ நாடகத்தில் நாங்கூழ்ப் புழுவை வியந்து பேசும் ஒரு பகுதி இருக்கிறது. இடைவெளி பத்தே ஆண்டு. ஆனால் பெ. சுந்தரம் பிள்ளைக்கு டார்வின் என்ற குடும்பப் பெயர் இல்லாமையால் அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

சார்லஸின் மகன் ஹோரஸ் புத்தகம் எழுதுகிறவர் அல்லர், கருவி செய்கிறவர். புழுக்கள் வேலை செய்யச் செய்ய ஒரு கல் எவ்வளவு வேகத்தில் தரைக்குள் இறங்குகிறது என்று அளக்க, கென்ட் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் நடுவில் துளையிட்ட வட்டக்கல் ஒன்றை அமைத்து, அதற்கென்றே ஓர் அளவுகருவியும் செய்தார். தகப்பனார் இறந்து 19 ஆண்டு கழித்து, 1901இல் முடிவை அறிவித்தார்: வருடத்துக்கு 2.22 மில்லிமீட்டர். புத்தகமில்லாத இவரை ஆய்வில் சேர்த்தது விதிமீறல்தான். இந்த எண் பின்னால் தேவைப்படுகிறது. அண்ணன் ஜார்ஜோ குடும்பத் தொழிலை வானத்துக்கே கொண்டுபோனார். ஓதங்களைப் பற்றிய அவருடைய நூல் 1898இல் வந்தது. கடல் ஏறி இறங்கும் உராய்வில் பூமியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்கிறது, அதற்கு ஈடாக நிலா விலகிப்போகிறது என்பது அவர் கணக்கு. நிலா பூமியிலிருந்து பிய்ந்து போனது என்று அவர் ஊகித்ததை இன்று யாரும் பெரிதாக ஏற்பதில்லை. விலகல் மட்டும் நிஜம்: அப்பல்லோ பயணிகள் நிலவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் லேசரைப் பாய்ச்சி அளந்தால் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட விரல் நகம் வளரும் வேகம். நாளின் நீளமோ நூற்றாண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மில்லிவிநாடி கூடுகிறது. தகப்பனார் புழுவிடம் கண்ட பொறுமையை மகன் நிலாவிடம் கண்டார். பகுப்பு முறைகள் இவ்விரு நூல்களையும் எதற்காகத் தனித்தனி மாடியில் வைக்கின்றன என்பது விளங்கவில்லை.

‘அஃதேல், கோல்ஃப் எங்ஙனம்?’ என்று பழைய உரையாசிரியர் பாணியில் ஒருவர் குறுக்கிடுவார். நியாயமான தடைதான். பிரான்ஸிஸின் மகன் பெர்னார்ட் (1876–1961), தாயை இழந்து தாத்தா சார்லஸ் வீட்டில் வளர்ந்தவர். வக்கீலுக்குப் படித்தும் அதை உதறிவிட்டு 1907 முதல் 1953 வரை ‘டைம்ஸ்’ நாளிதழுக்குக் கோல்ஃப் பற்றி எழுதினார். 1922இல் வாக்கர் கோப்பைப் போட்டியைப் பற்றிச் செய்தி எழுத அமெரிக்கா போனவர், அணித்தலைவருக்கு உடல்நலம் கெட்டதால் தாமே களமிறங்கி ஒற்றையர் ஆட்டத்தில் வெல்லவும் செய்தார். அடித்த பந்து பறக்கிற ஆட்டத்தில் மெதுவுக்கு என்ன வேலை? பதில் அவருடைய நூலின் தலைப்பிலேயே இருக்கிறது. 1910இல் வந்தது பிரிட்டிஷ் தீவுகளின் கோல்ஃப் ஆடுகளங்களைப் பற்றியது. பந்து அதில் பொருளன்று, நிலமே பொருள். அந்நாட்டின் பழைய ஆடுகளங்கள் காற்றும் கடலும் நெடுங்காலம் குவித்த மணல்மேடுகளின் மேல் அமைந்தவை. அது போதாதென்றால் இன்னொன்று. கோல்ஃப் புல்தரையைப் பராமரிக்கிறவருக்குப் பெரிய தலைவலி, இரவோடு இரவாக மண்புழு மேலே தள்ளிவிட்டுப் போகும் மண் உருண்டைகள். பந்து அவற்றில் தட்டித் திசைமாறும். தாத்தா நூலின் நாயகன் பேரன் நூலுக்குள் வில்லனாக நுழைகிறான். ஒரே கதையின் இரண்டு பாகங்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அடுத்த தடை கனமானது. ‘மெதுவாக நடப்பவை’ என்ற கோணிப்பைக்குள் எதைத்தான் போட முடியாது? எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் இதையே நிரூபிக்கலாமே? அப்படியில்லை. ஒப்புநோக்க ஹக்ஸ்லி குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற கேள்வியைச் சார்லஸ் 1859இல் ஏறக்குறைய ஒதுக்கிவைத்தார். நூலாக எழுத 1871 ஆயிற்று. அவருடைய நண்பர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி அதைப் பற்றி 1863இலேயே நூல் போட்டுவிட்டார். பேரன் ஆல்டஸ் 1932இல் எழுதிய நாவலில் குழந்தைகளையே ஆலையில் தயாரிக்கிறார்கள். அது அவசரக்காரர்களின் அலமாரி. நம் கருதுகோள் பொய்க்கவும் இடம் உண்டு. டார்வின் பெயரில் அவசர நூல் ஒன்று கிடைத்தால் போதும். கிடைக்கவும் செய்கிறது. சார்லஸின் இன்னொரு மகன் லெனர்ட், ராணுவப் பொறியாளர். கொள்ளுத்தாத்தா எராஸ்மஸ் வாழ்ந்த லிச்ஃபீல்டுக்கே எம்.பி.யாக இருந்தவர். அவர் 1926இல் மனித இனத்தைத் திட்டமிட்டுச் ‘சீர்திருத்த’ வேண்டும் என்று ஒரு தடித்த நூல் எழுதினார். தகப்பனார் காலத்தின் கையில் விட்டதைக் குழுக்களின் கையில் கொடுக்கச் சொல்லும் நூல் அது. அந்த எண்ணம் பல நாடுகளில் சட்டமாகி ஏழைகளின்மீதும் நோயாளிகளின்மீதும் கட்டாயக் கருத்தடையாக விழுந்ததை வேடிக்கையாகப் பேச முடியாது. கருதுகோளுக்கு இது விலக்கு என்பதை ஒளிக்காமல் ஏற்கிறோம். மனித இனத்தைச் ‘சீர்திருத்தும்’ அந்த இயலுக்கு 1883இல் பெயர் சூட்டிய பிரான்ஸிஸ் கால்டன், எராஸ்மஸின் மகள் வயிற்றுப் பேரன். டார்வின் இரத்தம் உண்டு, டார்வின் பெயர் இல்லை. பெயர் போன இடத்தில் பொறுமையும் போயிற்று என்று சொல்ல நா துறுதுறுக்கிறது. லெனர்டுக்குப் பெயர் இருந்ததே என்பதால் சொல்லாமல் விடுகிறோம்.

அப்படியானால் பெயர் மாறிய பெண்கள்? இம்முறையின் உண்மையான ஓட்டை இதுதான். கல்யாணத்தால் பெயர் பெற்று உள்ளே வந்தவர் உண்டு: பெர்னார்டின் மனைவி எலினார், கணவரோடு சேர்ந்து உருவாக்கிய குழந்தை நூல்களுக்குப் படம் வரைந்தவர், ‘டி’ வரிசையில் சௌகரியமாக இருக்கிறார். கல்யாணத்தால் வெளியேறியவர்கள் நிலைமை பரிதாபம். பிரான்ஸிஸ் டார்வினின் மகள் பிரான்ஸஸ், பிரான்ஸிஸ் கார்ன்ஃபோர்டைக் கட்டிக்கொண்டு (அந்த வீட்டில் தபால் பிரிப்பதை நினைத்துப் பாருங்கள்) கவிதைகளோடு ‘சி’ வரிசைக்குப் போய்விட்டார். ஜார்ஜின் மகள் க்வென், ரவெரா என்ற பிரெஞ்சு ஓவியரை மணந்து ‘ஆர்’ வரிசைக்குப் போனார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேம்பிரிட்ஜில் இந்தப் பெரியப்பா சித்தப்பாக்களுக்கு நடுவே வளர்ந்ததை அவர் தம் படங்களோடு எழுதிய நூல் 1952இல் வந்தது. அதே 1952இல் அவருடைய தம்பி, இயற்பியலாளர் சார்லஸ் கால்டன் டார்வின், மனிதகுலத்தின் வரப்போகும் பத்து லட்சம் ஆண்டுகளைப் பற்றி நூல் வெளியிட்டார். புதிய உயிரினம் ஒன்று தோன்ற ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும் என்பதால் அந்தக் கணக்கு. அக்காள் பின்னோக்கி அறுபது ஆண்டு, தம்பி முன்னோக்கிப் பத்து லட்சம் ஆண்டு. பிறந்த வீடு ஒன்று, பதிப்பித்த ஆண்டு ஒன்று, அலமாரி மட்டும் வேறு.

க்வென்னின் நூலைக் கையில் எடுத்து ‘டி’ வரிசைக்கு மாற்றிவைத்தால் நூலகர் சத்தம் போடுவார். அது இக்குடும்பத்தின் முறையும் ஆகாது. தானாக நகரட்டும். ‘ஆர்’ அலமாரிக்கும் ‘டி’ அலமாரிக்கும் இடையே பத்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஹோரஸ் அளந்த 2.22 மில்லிமீட்டர் வேகத்தில் போய்ச்சேர ஏறக்குறைய 4,500 ஆண்டு ஆகும். தம்பி போட்ட கணக்கில் அது அரை சதவீதம்கூட இல்லை.